ரோஸ் நிற ஊசி

அம்மாவின் கணக்கில் நான் கடற்கரையில் வாழ்கிறேன்.
அலைச் சத்தமா அது, என்று போனில் கேட்கிறாள்.
மழை.
வாகுவாவில் மழை விருந்தாளி இல்லை,
வாடகை தராமல் தங்கிவிட்ட ஆள்.
வெள்ளைக் கோட்டில் பூஞ்சை.
உடற்கூற்றுப் புத்தகத்தில்
கல்லீரல் பக்கத்தில் பூஞ்சை.
மூன்று வருடத்தில் கடலை ஒன்பது முறை பார்த்திருக்கிறேன்,
அதில் ஆறு, பஸ் ஜன்னலில்.

இங்கேயும் ரூபாய்தான்.
ஆனால் ஒவ்வொன்றையும் ஏறக்குறைய இரண்டால் பெருக்கி
நாமக்கல் பட்டறையில் அப்பாவின் கண்ணைச் சுட்ட
வெல்டிங் பொறிகளில் கழித்த பிறகே
ஒரு ஜோடி தால்பூரி.
மாதக் கடைசியில் அதுவும் கிடையாது.

கிரியோலில் நான் முதலில் கற்றது வணக்கம் அல்ல.
"கி கோத்தே ஃபேர் மால்?"
எந்தப் பக்கம் வலிக்கிறது.
அடுத்து, மூச்சை இழுங்கள்.
அதற்கடுத்து, விடுங்கள்.
காதலிக்கவும் சண்டை போடவும் இந்த மொழியில்
என்னிடம் சொல் இல்லை.
மலம் என்ன நிறம் என்று மட்டும்
பிழையில்லாமல் கேட்பேன்.

கான்டோஸ் ஆஸ்பத்திரி. ஆண்கள் வார்டு. பதினான்காம் படுக்கை.
சின்னாப்பென் ருங்கேன், நாற்பத்தொன்று, பஸ் ஓட்டுநர்,
வயிற்று வலி.
சின்னப்பன், ரங்கன் என்று
மனசுக்குள் எழுத்துப்பிழை திருத்திக்கொண்டு
"எத்தனை நாளா வலி?" என்றேன்.
தூரத்துக் கோயில் மணியைக் கேட்டவர்போல்
மரியாதையாகத் தலை சாய்த்தார்.
"மோ பா கோம்ப்ரான் தமூல், மாம்ஸெல்."
தமிழ் புரியாதாம்.

சட்டையைக் கழற்றினார்.
முதுகெல்லாம் சின்னச் சின்னத் தழும்பு,
கயிறு பிடித்து நட்ட நாற்றுப்போல வரிசை தப்பாமல்.
இரண்டு கன்னத்திலும் ஒவ்வொன்று.
டாக்டர் லாபூஷ் கண்ணாடியை இறக்கி
"என்னவாக இருக்கலாம்?" என்றார்.
அம்மை, என்றான் நைஜீரியாவின் எபுகா.
சிகரெட் சூடு, என்றாள் ஒருத்தி, மெதுவாக.
மூன்று வருடத்தில் முதல் முறையாக
விடை எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.
"காவடி, சார்."

அந்த ஒரு சொல்லுக்கு
பதினான்காம் படுக்கை எழுந்து உட்கார்ந்தது.
ஜன்னலுக்கு வெளியே கோர் தெ கார்ட் மலையைக் காட்டி
"ஸான் விட்" என்றார்.
நூற்றெட்டு வேல்.
கேஸ் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.
'பழைய தழும்புகள், தானாக விரும்பியது' என்று எழுதினேன்.

"ஐ.வி. லைனை நீயே போடு" என்று போய்விட்டார் லாபூஷ்.
இதுவரை நான் குத்தியது ரப்பர் கை.
ரோஸ் நிற ஊசியைப் பிரித்ததும்
நூற்றெட்டு வேலும் சுமந்த மனிதர்
கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.
"தூஸ்மான், மாம்ஸெல், தூஸ்மான்."
மெல்ல, மெல்ல.
எபுகா சிரித்தான். அவருக்குக் கோபம்.
அது வேறப்பா, அன்றைக்குப் பத்து நாள் விரதம்,
இன்றைக்குக் காலையில்
மீன் சுருட்டிய ரொட்டி தின்றிருக்கிறேன்.
கிரியோலில் சொன்னார். முழுசாகப் புரிந்தது.
அது எனக்கே ஆச்சரியம்.

முதல் குத்தில் நரம்பு வழுக்கியது.
கை அசையவில்லை, கண்ணில் மட்டும் நீர்.
மன்னிப்புக்கான கிரியோல் சொல்
தொண்டை வரை வந்து மறந்துபோனது.
நேற்று மதியத்திலிருந்து நானும் சாப்பிடவில்லை,
தேதி இருபத்தெட்டு.
ஊசியின் இந்தப் பக்கம் விரதம் இருந்தால்
செல்லுமா தெரியவில்லை.
மறுபடி பட்டையைக் கட்டி, தட்டி, தடவி,
சாய்த்துச் செலுத்தினேன்.
குப்பிக்குள் கருஞ்சிவப்பாக எட்டிப் பார்த்தது ரத்தம்.

"வந்துருச்சு" என்றேன், யாரிடமோ.

ராத்திரி அம்மாவிடம் சொல்லவில்லை.
கடல் எப்படி இருக்கு என்றாள்.
இருக்கு, என்றேன்.

காலை ரவுண்ட்ஸ்.
ஏழு பேருக்குப் பின்னால் நின்ற என்னைக் கண்டுபிடித்து
குழாய் செருகிய கையை உயர்த்தி
காலை வணக்கம் சொல்வதுபோல
"வந்துர்ச்சு!" என்றார் ருங்கேன்.
பொருள் சொல்லித் திருத்த
எனக்குக் கிரியோல் போதாது.
நானும் கையை உயர்த்தினேன்.
வந்துருச்சு.